பேர் வெட்டிய செம்பு

மாணவருக்கு வயது ஐம்பத்தேழு, குருவுக்கு முப்பத்தாறு. கடையநல்லூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மின்வாரிய வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிய கோமதிநாயகம், ஸ்டூடியோ மெஹருன்னிசாவிடம்தான் ஒரு வருடமாகப் படமெடுக்கக் கற்றுவந்தார்.

அன்று காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. மெஹருன்னிசா டீ வரவழைத்து அவர் முன்னால் வைத்தார். விளிம்புவரை டீ. கோமதிநாயகம் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், கை நடுங்கினாலும் படம் கலங்காம எடுக்கிற லென்ஸ் இருக்குல்லா, ஸ்டெபிலைசேஷன் உள்ளது, அதை வாங்கிரட்டுமா?"

விலை இருமடங்கு என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வியாழக்கிழமை தங்கை மகள் கல்யாணம். படமெடுக்கும் பொறுப்பு தாய்மாமன் தலையில்.

"இருக்கிற லென்ஸுக்கு என்ன?"

போன வாரம் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததை அவர் சொன்னார். கெட்டிமேளம் கொட்டியது, இவரும் அமுக்கினார். வந்த படத்தில் மாப்பிள்ளை விரலும் மஞ்சள் கயிறும் கலங்கிக் கிடந்தன. இன்னொரு தடவை கட்டுங்கள் என்று யாரிடம் கேட்பது? சிநேகிதர் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எட்டு நாளாப் பாக்கேன். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்கேன். கை நடுங்கியிருக்கு."

"வேற எப்ப நடுங்குச்சு?"

கோமதிநாயகம் டீயைப் பார்த்தார்.

"எங்க அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்சது டீச்சர். டபராவுல டம்ளர் கடகடன்னு அடிக்கும். கடைசியில அம்மாதான் ஊட்டிவிட்டா."

இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எட்டு நாளாக டம்ளரை எடுக்கப் பயந்து காப்பியையே விட்டிருந்தார். அந்த லென்ஸ் வந்துவிட்டால் ஊருக்குத் தெரியாது. தனக்கே தெரியாமல் போகலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

மெஹருன்னிசா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். கோமதிநாயகம் பெரிதாக்கியது போலவே பெரிதாக்கினார். மாப்பிள்ளையின் கை திரை முழுக்க நிறைந்தது. அதைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். பெண்ணுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் ஒரு சீர்ச் செம்பு இருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க அண்ணாச்சி."

செம்பின் வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"ச. பேச்சியம்மாள்."

"புள்ளி தெரியுதா?"

"எண்ணிறலாம் போல இருக்கு."

"உங்க கை நடுங்கியிருந்தா செம்பும்லா கலங்கியிருக்கும். அசைஞ்சது மாப்பிள்ளை கை."

பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த லென்ஸ் படமெடுப்பவர் கையைத்தான் தாங்கும், மாப்பிள்ளை கையைத் தாங்காது. கோயிலுக்குள் இருட்டில் தூணையும் சிலையையும் எடுக்கப் போனால், கொடுத்த காசுக்குப் பழுதில்லை. தாலி கட்டுவதை எடுக்க, அசையும் கை கலங்காதபடி ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். புதன்கிழமைவரை அதைப் பழகச் சொன்னார்.

கோமதிநாயகம் தலையாட்டினார். ஆனால் கண் செம்பை விட்டு அகலவில்லை. மெதுவாக வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எட்டு நாளும் இந்தச் செம்பு இங்கனதான இருந்திருக்கு? என் கண்ணுல ஏன் படலை டீச்சர்?"

மெஹருன்னிசா டீயை அவர் கைப்பக்கம் நகர்த்தினார்.

"நீங்க மாப்பிள்ளை கையை எங்க பாத்திய அண்ணாச்சி? எட்டு நாளா உங்க அப்பா கையைல்லா பாத்துக்கிட்டு இருந்திருக்கிய."