நாலு பர்னர்

"நாலு இன்ஸ்டன்ஸ் ஏத்தி வச்சிருக்கேன். ஒண்ணு விழுந்தாலும் மூணு ஓடும். இதுக்கு மேல என்ன குத்தம் பார்க்கப் போறீங்க?"

தணிகாசலம் இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஹம்சவேணி தலை நிமிரவில்லை.

வயதில் அவள் சின்னவள். ஆனால் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்கு சர்வர் வேலை கற்றுக்கொடுப்பது அவள்தான். அவள் சரி என்றால்தான் ஆஸ்பத்திரியின் டோக்கன் இணையதளம் நாளை திறக்கும். அவரும் சாயங்கால ரயிலைப் பிடித்து மகளின் வளைகாப்புக்குப் போக முடியும்.

டோக்கன் மென்பொருளை நாலு இன்ஸ்டன்ஸாக, அதாவது நாலு பிரதியாக ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கிளஸ்டராகக் கட்டியிருந்தார். நாலையும் ஏற்றியது புதிதாக வந்த பெரிய மெஷினில். பக்கத்திலேயே பழைய மெஷின் சும்மா கிடந்தது. பழசு என்றாலே அவருக்கு இளப்பம், தன்னைத் தவிர.

"வாங்க சார், டீ போடலாம்" என்றாள்.

ஆபீஸ் சமையலறையில் நாலு பர்னர் அடுப்பு. ஒன்றில் பாலை வைத்துவிட்டு, நாலையும் பற்றவைக்கச் சொன்னாள். ஒரு டீக்கு எதற்கு நாலு என்று முணுமுணுத்தபடியே பற்றவைத்தார். ஓரத்தில் இருந்ததை அவள் அணைத்தாள்.

"இப்போ?"

"அதான் மூணு எரியுதே."

குனிந்து சிலிண்டரை மூடினாள். மூணும் ஒன்றாக அணைந்தன.

தணிகாசலம் அடுப்பைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். நேரே மெஷின் அறைக்குப் போனார்.

அவள் அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் பழைய மெஷினைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது சலவைச் சட்டையும் பையுமாக வந்து நின்றார். கையில் போன், அதில் டோக்கன் பக்கம். முகத்தில் காலைச் சிடுசிடுப்பு இல்லை.

"ரெண்டு புதுசுல, ரெண்டு பழசுல. நம்பிக்கை இல்லேன்னா பெரிய மெஷினை நிறுத்திப் பாருங்க, மேடம்."

"நீங்க சட்டை மாத்தப் போனப்பவே நிறுத்தியாச்சு."

போனை அழுத்தினார். பக்கம் திறந்தது. இன்னொரு தரம் அழுத்தினார். திறந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார்.

"கிளம்புங்க. போறப்போ அந்த சிலிண்டரைத் திறந்து விட்டுட்டுப் போங்க, சார். பால் இன்னும் பச்சையாவே இருக்கு."

அதற்குள் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.