2219ஆம் முறையீடு

புது டிஸ்க் சேர்த்தால் நெட்வொர்க் அறுந்தது. பிழை அவ்வளவுதான்.

ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள் அது. ஊர் கூடி எழுதுவது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் திருப்புவதும் பரக்கத் நிஷா. வயது முப்பத்து நான்கு.

திருத்தம் அனுப்பியவர் அறவாழி. வயது ஐம்பத்தாறு. ஒரு மருத்துவமனையில் இரத்த வங்கிக் கணினிகள் அவர் பொறுப்பு. இந்த மென்பொருளை அங்கே கொண்டுபோனதும் அவரே.

மூன்று முறை அனுப்பினார். மூன்று முறையும் திரும்பி வந்தது.

பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார்.

“ஏம்மா, என்னதான் குறை?”

“உக்காருங்க சார். டீ சொல்லவா?”

“டீ கிடக்கட்டும். டிஸ்க் போட்டா நெட்வொர்க் கார்டு மூணாவது ஸ்லாட்டுலேருந்து நாலுக்கு ஓடிடுது. உள்ள இருக்கிற கணினி மூணுல தேடுது. அங்க ஆளில்ல. நான் மூணுலயே ஆணி அடிச்சு வச்சேன். தப்பா?”

“அஞ்சுல வச்சிருக்கிறவன்?”

“அவன் மாத்திக்கட்டும்.”

“எதுக்கு சார் மாத்தணும்?”

அறவாழி மேசையைத் தட்டினார்.

“வார்டுல எந்த இரத்தம் இருக்குன்னு திரையில தெரியல. நர்சம்மா மாடியேறி ஓடுறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா தூக்கிடுவேன்னு டீன் சொல்லிட்டார். மென்பொருளையும். என்னையும்.”

டீ வந்தது. நிஷா காகிதக் கப்பின் மேல் பேனாவால் எழுதி அவர் பக்கம் நகர்த்தினார்.

2219.

“நிரல்ல வரி எண்ணா?”

நிஷா சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அறவாழி முகம் சிவந்திருந்தது.

“2219ஆவது வரி வெத்து வரி. விளையாடுறியா?”

“வர்ற முறையீடெல்லாம் படிச்சு வடிகட்டுறது யாரு சார்?”

“நான்தான். எட்டு வருஷமா.”

“அப்புறம் வரியில எதுக்குத் தேடுறீங்க? நானே நேத்துதான் பார்த்தேன்.”

அறவாழி முறையீட்டுப் பட்டியலைத் திறந்தார். 2219ஆவது, இரண்டு வருடம் பழையது.

‘வணக்கம். எங்கள் பால் சங்கக் கணினியில் டிஸ்க் சேர்த்ததும் நெட்வொர்க் போய்விட்டது. கார்டு முதலில் எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்ததோ அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தேன். அடுத்த முறையும் அங்கேயே உட்கார்கிறது. ஏழு வரி இணைத்திருக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.’

கீழே ஒரே பதில்.

‘என் கணினியில் நன்றாகவே ஓடுகிறது. மூடப்பட்டது. அறவாழி.’

டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அறவாழி அந்த ஏழு வரியையும் சேர்த்தார். ஒரு டிஸ்க் போட்டார். இன்னொன்றும் போட்டார். கார்டு அசையவில்லை. ஐந்தாம் ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அசையவில்லை.

அங்கிருந்தபடியே இரத்த வங்கிக் கணினியில் ஏற்றினார். வார்டுக்குப் போன் போட்டார்.

“தெரியுது சார். எல்லா குரூப்பும் தெரியுது. இனிமே மாடி ஏற வேணாமா?”

“வேணாம்மா.”

“அனுப்புங்க சார். இப்பவே ஏத்துக்கிறேன்” என்றார் நிஷா.

படிவத்தில் அவர் பெயர் தானாகவே வந்து நின்றது. எழுதியவர்: அறவாழி.

அழித்தார். பால் சங்க முறையீட்டின் அடியிலிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து, எழுத்தெழுத்தாக அடித்தார்.

எழுதியவர்: கு. இளவேணி.