போர்டுக்குத் தெரியாத ப்ராசஸர்

சவரிமுத்து தன் குருவைக் கடைசியாக உயிரோடு பார்த்த நாளில் அவரோடு சண்டை போட்டார்.

குரு அவரைவிட வயதில் சின்னவர். பெயர் நூர்ஜகான். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த சவரிமுத்துவை சர்வர் வேலைக்கு இழுத்துக்கொண்டவர் அவர்தான்.

"உங்கள யாரு வரச் சொன்னது?" என்றார் சவரிமுத்து.

சர்வர் அறைச் சுவரைப் பிடித்தபடி நூர்ஜகான் நின்றார். அடையாளம் தெரியாமல் இளைத்திருந்தார்.

"நீங்க கத்துனது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு, அண்ணாச்சி."

ஸ்கேன் படங்கள் எல்லாம் ரேக்கில் இருந்த அந்த ஒரு சர்வரில்தான் இருந்தன. வேகம் போதவில்லை என்று சவரிமுத்து இரண்டு புதிய ப்ராசஸர் வாங்கியிருந்தார். காலையில் பழையவற்றைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டினார். ஃபேன்கள் அலறின. திரை கறுப்பாகவே கிடந்தது.

பழையவற்றை எக்ஸ்சேஞ்சில் எடுத்துப்போகக் கடைக்காரர் பிச்சையா வந்திருந்தார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"செத்த சரக்கை என் தலையில கட்டிட்டு, டேப் ஒட்டுதான் பாருங்க!" என்றார் சவரிமுத்து.

"பிச்சையாண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார் நூர்ஜகான். "அண்ணாச்சி, வாங்குறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?"

"சாக்கெட் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு."

"எம்.டி. நாற்காலியிலகூட நீங்க கச்சிதமா உக்காருவீங்க. டாக்டருங்க எந்திரிச்சு நிப்பாங்களா?"

பிச்சையா சிரித்தார். சவரிமுத்து முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பயாஸ்தான போர்ட முதல்ல எழுப்புற புரோகிராம்?" என்றார் நூர்ஜகான். "எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் இருக்கணும்னு சர்வர் கம்பெனிக்காரன் சைட்லயே போட்டிருக்கான். நம்ம போர்டுல இருக்கது பழைய பயாஸ். இப்படி ஒண்ணு உலகத்துல வந்திருக்குன்னே அதுக்குத் தெரியாது."

"அப்ப புது பயாஸை ஏத்துங்க."

"எத வச்சு? ஓடுற ப்ராசஸர் உள்ள இருந்தாத்தான இந்த போர்டுக்கு எதையும் சொல்ல முடியும்?"

நூர்ஜகான் டேப்பைக் கிழித்துப் பழையவற்றை எடுத்தார். சவரிமுத்து வாங்கப் போனார். அவர் தரவில்லை. புதியவற்றைக் கழற்றி, மேலே தடவியிருந்த வெப்பப் பசையைத் துடைத்து, பழையவற்றையே திரும்பப் பொருத்தினார்.

சர்வர் எழுந்தது.

புதிய பயாஸை ஏற்றத் தொடங்கிவிட்டு நூர்ஜகான் ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

அதற்கு மேல் சவரிமுத்துவால் அடக்க முடியவில்லை.

"இனிமே கீமோ வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே."

"ஆமா."

"உங்க இடத்துல என்னையப் போடணும்னும் சொல்லியாச்சு."

"ஆமா."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க? எனக்கு என்ன தெரியும்? ஒரு சில்லு மாட்டத் தெரியல. இத்தன வருஷம் பின்னாலயே சுத்துனேனே, ஒரு நாளாவது இதச் சொல்லிக் குடுத்தீங்களா?"

காலிப் பெட்டியை எட்டி உதைத்தார். அது பிச்சையாவின் காலடியில் போய் விழுந்தது. அவர் வெளியே போய்விட்டார்.

"இப்ப சொல்லுதேன்லா."

"இப்பவா? இந்த நெலமையில வந்தா சொல்லுவீங்க?"

நூர்ஜகானுக்கும் கோபம் வந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டார்.

"பின்ன எப்ப சொல்ல? கழட்டினதுக்கு அப்புறமா?"

கோடு கடைசிவரை போய் நின்றது.

சவரிமுத்து சர்வரை அணைத்துப் பழையவற்றைக் கழற்றினார். பிறகு புதிய ப்ராசஸரைக் கையில் எடுத்தார்.

"இது பழச விடச் சூடாகுமே. சூட்ட இழுக்குற இந்த ஹீட்சிங்க் தாங்குமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இன்னும் தணியவில்லை.

பழையவை இரண்டும் அன்றே எக்ஸ்சேஞ்சில் போயின. புதியவை இன்றும் ஓடுகின்றன.