நசுங்காத எலுமிச்சை

"நாலு சக்கரத்துக்கும் பழம் வைக்கிறேனுங்கம்மா. அப்படியும் கை நடுங்குதுங்க. என்ன பண்றதுன்னே தெரியலை."

ஜீப் டிரைவர் ராக்கியப்பன் வந்து இப்படி நின்றபோது, வேலாத்தா கோயில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மலை உச்சியில், பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த மாரியம்மன் கோயில். அங்கே பூசை பண்ணும் வேலாத்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்த ராக்கியப்பனுக்கு அவள்தான் குரு. அவளைக் கேட்காமல் வண்டிக்கு டயர்கூட மாற்ற மாட்டான் மனுசன்.

"எந்தக் கைங்கண்ணா?"

"ரெண்டும்தானுங்க."

"எப்பலேர்ந்து?"

"மயில்சாமி போனதுலேர்ந்துங்க."

மயில்சாமி அவனுடைய கூட்டாளி. போன மாசம் கல்லாத்து வளைவில் ஜீப்போடு பள்ளத்தில் போய்விட்டான். கண்ணு பட்டுப்போச்சு என்றார்கள் ஸ்டாண்டில். காத்துக்கருப்பு என்றார்கள் டீக்கடையில். ராக்கியப்பன் இரண்டையும் நம்பினான். நம்பி என்ன? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"அவரும் பழம் வச்சாருங்களா?"

"வச்சானுங்க. நாந்தான் வாங்கிக் கொடுத்தேன். நாலும் நல்லா நசுங்குச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அவனும்..."

ஜீப்பின் பின்சீட்டில் அவன் மகள் சுகந்தி, நிறைமாசக்காரி, அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில் குளம் சுற்றி உண்டான பிள்ளை வயிற்றில். இன்றைக்கே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லிவிட்டார் கீழே ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"பெருசா ஒரு மந்திரம் போட்டுக் கொடுங்கம்மா. எனக்கு என்ன ஆனாலும் சரி. எம்புள்ள நல்லபடியா எறங்கோணும்."

வேலாத்தா எழுந்து வண்டியிடம் போனாள். சக்கரத்தடியில் இருந்த பழங்களை எடுத்து மூன்றை மடியில் கட்டிக்கொண்டாள். நாலாவதை முந்தானையில் துடைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் டேஷ்போர்டு மேல் வைத்தாள்.

"கீழ போய்ச் சேர்ற வரைக்கும் இது விழக்கூடாது. கையாலயும் புடிக்கக்கூடாது."

"விழுந்தா என்னங்கம்மா ஆகும்?"

அவள் பாட்டுக்குத் திரி போடப் போய்விட்டாள்.

அட ஈசுவரா! ராக்கியப்பன் ஏறி உட்கார்ந்தான். அந்த மஞ்சள் பழத்தில்தான் மகள் உயிரே இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. பழமும் நகர்ந்தது.

முதல் வளைவில் வழக்கம்போல ஸ்டியரிங்கை ஒடித்தான். பழம் விளிம்பு வரை ஓடி, விழப் பார்த்து, போனால் போகிறதென்று நின்றது. அவனுக்கு வேர்த்துவிட்டது.

அடுத்த வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான்.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடுவது அந்த மலை டிரைவர்களின் பழக்கம். டீசல் மிச்சமாம். மயில்சாமியும் அப்படித்தான். பிரேக்கை மிதித்து மிதித்து, அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று மெக்கானிக் சொன்னால் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். ராக்கியப்பன் கையும் தன்னால் நியூட்ரலுக்குப் போனது. வண்டி எகிறியது. பழம் குதித்தது.

சட்டென்று பிரேக் அடித்தால் பழம் போச்சு. மெல்ல மெல்லப் பிடித்து இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்தான். என்ஜின் உறுமியது. பழம் அடங்கியது.

பின்னால் பைக்கில் வந்த ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். ஓரம் கட்டி வழிவிட்டான் ராக்கியப்பன்.

"யோவ் பெருசு, மாட்டு வண்டியா ஓட்டற?"

வேறு நாளாக இருந்தால் துரத்திப்போய் முன்னால் கட் அடித்து மறித்திருப்பான். இன்றைக்குப் பழத்தைப் பார்த்தான்.

செல்போன் அடித்தது. மருமகனாக இருக்கும். கை அதன் பக்கமே போகவில்லை.

கல்லாத்து வளைவு வந்தது. ஹாரன் கொடுத்து, ஊர்ந்து, திரும்பினான்.

எதிரே ரோட்டையே அடைத்துக்கொண்டு மேலேறி வந்தது ஒரு பஸ்.

மண்ணோரம் ஒதுங்கி நிறுத்தினான். பழம் ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே இருந்தது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உரசாமல் ஏறிப்போனார். பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தான்.

சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பன் வண்டியில் ஏறினால் கீழே போவதற்குள் வாந்தி எடுக்கிறவள் அவள்.

கீழே ஆஸ்பத்திரியில் பொண்ணு பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம்.

வெள்ளிக்கிழமை ராக்கியப்பன் மலையேறி வந்தான். அந்தப் பழத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வேலாத்தா முன்னால் வைத்தான். கண் கலங்கிவிட்டது.

"என் குலத்தையே காப்பாத்திருச்சுங்க இந்தப் பழம்."

வேலாத்தா அதை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக நறுக்கினாள். சொம்புத் தண்ணீரில் பிழிந்தாள். உப்புப் போட்டுக் கலக்கி நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

"ஐயையோ! மந்திரிச்ச பழமுங்கம்மா!"

"நான் எங்கீங்க மந்திரிச்சேன்? நீங்க சந்தையில வாங்கினதுதானே."

ராக்கியப்பனுக்குக் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது.

"நாளைக்கு சுகந்தியையும் குழந்தையையும் கூட்டிட்டு வரோணுமுங்க. பழத்தையும் பிழிஞ்சுட்டீங்க. இனி வண்டியில என்னத்தைங்க வைக்கிறது?"

வேலாத்தா அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"குழந்தைய வைங்க."