திருப்பி வைத்த அரிசி

தையல்நாயகி அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சபாநடேசன் அவரைவிட மிகவும் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பென்ஷனை மகள் பேருக்குத் திருப்பிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். ஒரு கூடம், ஒரு அடுப்படி. நோயாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வந்திருப்பவர்களுக்கும் தினமும் சாயங்காலம் அங்கே கஞ்சி ஊற்றுவார்கள். உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம். வேறெதுவும் இறங்காத தொண்டையிலும் அது இறங்கும்.

வந்த புதிதில் சபாநடேசன் கேட்டார்.

"உபதேசம் எப்பம்மா தருவீங்க?"

"பூண்டு உரிங்க" என்றார் அம்மா.

அவர் உரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மடத்துக்கு வழக்கமாகச் சாமான் கொடுத்துவந்த மளிகைக்கடைக்காரர் ஒருநாள் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒரு பெரிய கடை வந்திருந்தது. உண்டியல் திறக்கும் சனிக்கிழமை, அம்மா ஒரு வாரத்துச் சாமானுக்கான பணத்தைச் சபாநடேசனிடம் கொடுத்தார். தன் குருவின் குருபூஜைக்காக அம்மா வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். வர ஒரு வாரம் ஆகும்.

"இதுதான் இருக்கு. பாத்து வாங்குங்க."

"என்னை ஒருத்தன் ஏமாத்த முடியுமாம்மா? எத்தனை கூட்டமா இருந்தாலும் என் வண்டியில ஒரு ஆள் டிக்கெட் இல்லாம இறங்கினது கிடையாது."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"வந்து சாப்பிட்டுக்கிறேன்."

வெளியே வெயில் கொளுத்தியது. கடைக்குள் குளுகுளுவென்று இருந்தது. எங்கிருந்தோ ரொட்டி சுடும் வாசனை வந்தது. சபாநடேசனுக்கு வயிறு இழுத்தது. வாசலில் நின்ற பையன் ஒரு தள்ளுவண்டியை அவர் கையில் கொடுத்தான். அது அகலமான வண்டி. எதைப் போட்டாலும் காலியாகவே தெரிந்தது.

அரிசி எங்கே என்று கேட்டார். கடைசியில் என்றார்கள். கடைசி வரைக்கும் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும்.

நூடுல்ஸ் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஆகும் என்று எடுத்துப் போட்டார். பழரசப் பொடிக்குக் கண்ணாடி ஜாடி இலவசம். பிஸ்கட்டுக்குப் பாதி விலை. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எழுத்தில் 'இன்று மட்டும்' என்று போட்டிருந்தது. ஒரு பெண் சின்னக் காகிதக் குவளையில் சூப்பு நீட்டினாள். குடித்துவிட்டுச் சும்மா நகர அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதிலும் நாலு பாக்கெட் எடுத்துக்கொண்டார். நமக்கா வாங்குகிறோம், மடத்துக்குத்தானே என்று சொல்லிக்கொண்டார்.

அரிசியும் பருப்பும் வெந்தயமும் கடைசியாகத்தான் வண்டியில் ஏறின.

பில் போடும் பெண் எல்லாவற்றையும் கணினியில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"பணம் பத்தலையே ஐயா. எதை எடுத்துரட்டும்?"

சபாநடேசன் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. நூடுல்ஸை எடுத்தால் இலவசமாக வந்ததும் போய்விடும். பொடியை எடுத்தால் ஜாடி போய்விடும். அரிசி எங்கே போகப் போகிறது? நாளைக்கும் இதே விலைதான். இந்தச் சலுகை நாளைக்குக் கிடைக்குமா?

"அரிசியில பாதியை எடுத்துரும்மா. பருப்பும் பாதி போதும்."

அவள் எடுத்து ஓரமாக வைத்தாள். பில்லைக் கிழித்து நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கீங்கன்னு அடியில போட்டிருக்கு பாருங்க."

மடம் வந்துசேரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மனசு நிறைந்திருந்தது.

வாரத்தின் நடுவிலேயே அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது. அவர் தண்ணீரைக் கூட்டினார். வரிசையில் நின்றவர்கள் அதையும் வாங்கிக் குடித்தார்கள். அடுத்த வீட்டில் கொஞ்சம் அரிசி கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. மடத்துப் பணத்தை என்ன செய்தாய் என்று கேட்டால் எதைக் காட்டுவது?

வெள்ளிக்கிழமை அரிசி தீர்ந்துபோனது. நூடுல்ஸை வேகவைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

வரிசையின் கடைசியில் தனபாக்கியம் நின்றாள். அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாள். அவள் கணவன் கொளஞ்சிக்குத் தொண்டையில் கட்டி. அவனை விட்டு அவளால் முன்கூட்டி வர முடியாது. மடத்தில் இரவலாகக் கொடுத்த தூக்குவாளியில் கஞ்சி வாங்கிப்போய்க் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள்.

அவள் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"கஞ்சி இல்லீங்களா?"

"இன்னைக்கு இதுதாம்மா."

"இது அவருக்கு எறங்காதுங்களே."

"தண்ணியாக் கரைச்சுத் தர்றேன். சூப்புப் பொடிகூட இருக்கு."

"அதுல காரம் இருக்குமே. புண்ணு எரியும்."

சபாநடேசன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் கண்டிப்பா இருக்கும்மா. காலையில உண்டியல் திறந்துருவாங்க."

"பரவால்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் வெறும் தூக்கோடு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா ஊரிலிருந்து திரும்பினார். கால் கழுவிக்கொண்டு உள்ளே வரும்போதே தனபாக்கியம் வாசலில் நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள்.

"இது மடத்துதுங்க. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். வண்டி நிக்குது."

"என்னம்மா ஆச்சு?" என்றார் அம்மா.

"விடிகாலையில போயிட்டாருங்க."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தனபாக்கியம் அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"ரெண்டு மூணு நாளாவே கஞ்சி தண்ணியாத்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதையாவது குடிச்சாரு. நேத்து முழுக்க வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாருங்கம்மா. பேச்சு வரலை. தூக்கைக் கையால காட்டிக் காட்டிக் கேட்டாரு. இதோ வந்துரும், இதோ வந்துரும்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் சபாநடேசனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் அடுப்படியில் போய் உட்கார்ந்தார். அலமாரியில் பழரசப் பொடியும் ஜாடியும் பிரிக்காமல் இருந்தன. அம்மா வந்து அதைப் பார்த்தார். அரிசிப் பானையைப் பார்த்தார்.

சபாநடேசன் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார்.

"கஞ்சி கிடைச்சிருந்தா அவன் பிழைச்சிருப்பானாம்மா?"

"இல்லை. டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு."

"அப்ப..."

"போறவரு வயிறு நிறைஞ்சு போயிருப்பாரு."

சபாநடேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"திருட நினைக்கலைம்மா. வீண் பண்ணவும் நினைக்கலை. மிச்சம் பிடிக்கிறேன்னு நினைச்சுத்தான் அரிசியைத் திருப்பி வெச்சேன். ஆசைங்கிறது ஆசையாவே வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அது சிக்கனம் மாதிரி வந்துச்சு."

அம்மா அடுத்த வீட்டில் மாவு வாங்கிவந்து இரண்டு தோசை வார்த்துத் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க."

"இறங்காதும்மா."

"சாப்பிட்டாத்தான் கடைக்குப் போக முடியும்."

"நான் போகலை. வேற யாரையாவது அனுப்புங்க. இனிமே நான் பணத்தைத் தொடக் கூடாது."

"நீங்கதான் போகணும். நானும் வர்றேன். சாயங்காலம் வரிசை நிக்கும்ல?"

அவர் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

அம்மா இரண்டு துணிப்பை எடுத்துக்கொண்டார். கடை வாசலில் பையன் வண்டியைத் தள்ளிவந்தான். "வேண்டாம்பா, கையில தூக்கினாத்தான் எவ்வளவுன்னு தெரியும்" என்றார் அம்மா.

சபாநடேசன் சண்டைக்குப் போகிறவர் போல உள்ளே நுழைந்தார். இடமும் வலமும் பார்க்கவில்லை. சூப்புக்காரப் பெண் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா நின்று குவளையை வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவ்வளவுதான்.

பருப்பு இருந்த இடத்தில் சபாநடேசன் கண்ணுக்கு நேராக இருந்த பாக்கெட்டில் கை வைத்தார்.

"கீழ பாருங்க" என்றார் அம்மா.

"எங்கம்மா?"

அம்மா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடித்தட்டில், படம் எதுவும் போடாத வெறும் பாக்கெட்டில் அதே பாசிப்பருப்பு இருந்தது. விலை குறைவு. மூட்டுவலியோடு சபாநடேசனும் உட்கார்ந்து எடுத்தார். எழுந்திருக்க அம்மாதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அரிசி, பருப்பு, பூண்டு, வெந்தயம். பில் போடும் இடத்தில் அதே பெண்தான் இருந்தாள். "வேற எதுவும் வேணாமா ஐயா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மீதிச் சில்லறை கைக்கு வந்தது. அதற்கு இன்னும் கொஞ்சம் அரிசி வாங்கலாம் என்றார் அம்மா. அவர் திரும்பவும் கடைசிவரைக்கும் நடந்துபோய் எடுத்துவந்தார்.

வெயிலில் இருவரும் நடந்தார்கள். அரிசிப்பை சபாநடேசனின் தோளை அழுத்தியது. ஆஸ்பத்திரி கண்ணில் பட்டதும் அவர் நின்றார்.

"இன்னைக்கு நீங்க இருந்தீங்க. அடுத்த வாரம் நான் தனியாப் போவேன்."

"போவீங்க."

"அங்க உள்ள போனதுமே அத்தனையும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும்மா. நான் என்ன செய்யறது? காதைப் பொத்திக்கிட்டு ஓடி வந்துரட்டுமா?"

"ஏன் ஓடணும்? கூப்பிடட்டும். நின்னு நல்லாக் காது குடுத்துக் கேளுங்க" என்றார் அம்மா. "அதுல ஒண்ணாவது 'பசிக்குது'ன்னு சொல்லுதான்னு பாருங்க."