பலகையைத் தாங்கிய முட்டு

ஒரு கடற்கரையில், படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே, ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து ஜெசிந்தா பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரியைத்தான் ஆண்கள் படகின் பலகை இடுக்குகளில் சுத்தியலால் அடித்துத் திணிப்பார்கள். அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வாய் மட்டும் மூடியே இருந்தது. யாராவது பேர் கேட்டால்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டு சொல்கிறவள். அப்படிப்பட்டவர்களிடம்தான் பொருள்கள் தைரியமாக வாய் திறக்கும்.

அன்றைக்கு வாய் திறந்தது ஒரு முட்டு. கரையேற்றிய படகு சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்களே, அதில் ஒன்று. நடுவில் நீளமாக விரிசல் விட்டிருந்தது. மேஸ்திரி அதன்மேல் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

"ஏட்டி ஜெசிந்தா," என்றது முட்டு, "உம்பிள்ளையை அவுத்து எடு."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிள்ளை அந்த முட்டில் கட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டறைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் இந்த முட்டில்தான் தொட்டில் கட்டுவார்கள். மற்றக் கட்டைகளில் சேலை முடிச்சு வழுக்கி இறங்கிவிடும். கயிறு சுற்றிய இதில் மட்டும்தான் பிடித்து நிற்கும்.

"எங்காயத்துக்குப் போட்ட கட்டு அது," என்றது முட்டு. "அதை நம்பிப் பிள்ளையைத் தொங்க விட்டுட்டீங்களேட்டி, எல்லாரும்!"

ஜெசிந்தாவின் கை நின்றது. படகுக்கு அடியில் அவள் புருஷன் மிக்கேலும் இன்னும் சிலரும் மல்லாந்து கிடந்து பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் முட்டு பல்லைக் கடித்தது.

"புது முட்டு வந்துச்சே?" என்று வாய்க்குள்ளேயே கேட்டாள்.

"வந்துச்சு! எங்க நிக்குது பாரு, அந்தா!"

புதுக் கட்டை வாசலில் நின்றது. அதன் தலையில் ஆணியடித்து ஒரு தகரப் பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து: பாதுகாப்பே முதல் வேலை.

போன மாதம் ஒரு முட்டு நழுவி, சிலுவை என்கிற தச்சரின் கால் நசுங்கிப்போனது. "அவனுக்கு நேரம் சரியில்லை" என்றார் முதலாளி. சாமியாரை வரவழைத்துப் பட்டறை முழுக்கத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். ஊர் வாய்க்குப் பயந்து புது முட்டுக்கும் சொல்லிவிட்டார். கட்டை வந்து இறங்கின அன்றே, அதிகாரிகள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று சேதியும் வந்து இறங்கியது. கட்டை வாசலுக்குப் போய்விட்டது.

"ஏ பலகை!" முட்டு குரல் கொடுத்தது. "எனக்கு வந்த கட்டையில ஏறி நின்னு மினுக்குறியே, கூச்சமா இல்ல?"

பலகை வெயிலில் பளபளத்தது. "சத்தம் போடாதே. நான் பெரிய மனுஷர்கள் பார்ப்பதற்காக இருக்கிறேன். போட்டோவில் விழுகிறவன் நான். உன்னை யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள்?"

"எடுப்பாங்க. நான் முறிஞ்ச மறுநாள் பேப்பர்ல போடுறதுக்கு."

ஆபீஸ் சுவரில் தொங்கிய மஞ்சள் தொப்பிகள் களுக்கென்று சிரித்தன. "எங்க கதையும் அதுதான். தலைக்கு அடிபடாம இருக்க வாங்கினாங்க. அதிகாரிங்க ஜீப் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குத் தலையே கிடைக்கும்."

"என்னைக் குத்தம் சொல்லாதீங்க அண்ணே," என்றது புதுக் கட்டை. "படகு தாங்கலாம்னு ஆசையா வந்தேன். காத்துல ஆடுற தகரத்தைத் தாங்கிட்டு நிக்கேன்."

அதுவரை பேசாமல் இருந்த படகு மெதுவாக முனகியது. "எத்தனை புயல்ல ஆளுங்களைப் பத்திரமா கொண்டுவந்து சேத்திருக்கேன். கரையில வச்சு என்னைக் கொலைகாரி ஆக்கப் பாக்காங்களே. சாய்ஞ்சா பிடிச்சுக்கிட எனக்குக் கையா இருக்கு?"

ஜெசிந்தா எழுந்தாள். தொட்டிலை அவிழ்த்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குரூஸ் மேஸ்திரி அதிகாரிகள் நடந்துவரும் வழியின் இரு ஓரமும் சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி... அந்த முட்டு..."

"எந்த முட்டு?"

"விரிஞ்சு போச்சு. இந்தக் கட்டையை அங்க கொண்டுபோய்..."

மேஸ்திரி பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளா? வாயே திறக்காத பிள்ளை எனக்கு வேலை சொல்லிக் குடுக்குது! அதிகாரிங்க வந்துட்டுப் போகட்டும்மா. போர்டு இல்லைன்னா பட்டறையையே பூட்டிருவாங்க."

"அதுக்குள்ள முறிஞ்சுட்டா?"

"கயிறு கட்டியிருக்குல்லா? போ, போய்ப் பஞ்சைத் திரி."

அவள் முகம் எரிந்தது. அழுகை வரப்போகிறது என்றுதான் நினைத்தாள். வந்தது கோபம். கால் போனவனுக்குத் தீர்த்தம், விரிந்த முட்டுக்குக் கயிறு, நல்ல கட்டை மட்டும் தகரத்துக்கா? இவர்கள் பெற்ற பிள்ளை அந்தத் தொட்டிலில் கிடந்தால் இப்படிச் சிரிப்பார்களா? கீழே கிடக்கிற ஆண்களெல்லாம் தாய் பெறாமல் முளைத்து வந்தவர்களா?

விறுவிறுவென்று படகடிக்கு வந்தாள். "வெளிய வாங்க!" என்று கத்தினாள்.

பட்டறை அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டது. சுத்தியல்கள் நின்றன. மிக்கேல் மட்டும் ஊர்ந்து வெளியே வந்தான்.

"என்னட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? இத்தனை பேருக்கு முன்னால மானத்தை வாங்குறே!"

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, தொட்டில் முடிச்சு மறைத்திருந்த இடத்தில் அவன் விரலை வைத்தாள். விரல் முழுசாக உள்ளே போய்விட்டது.

மிக்கேல் பிள்ளையைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். "ஏலே, எல்லாரும் வெளிய வாங்கலே! ஓடியாங்க!"

அதற்குப் பிறகு யாரும் மேஸ்திரியைக் கேட்கவில்லை. அவர் கையை விரித்துக் குறுக்கே நின்றார். அவரையும் சுற்றிக்கொண்டு போய் வாசல் கட்டையைப் பிடித்தார்கள். கட்டை இதற்குத்தான் காத்திருந்ததுபோல ஒரே ஆட்டத்தில் மண்ணை உதறிக்கொண்டு வந்தது.

"ஐயோ, என் எழுத்து! எழுத்து அழிந்துவிடும்!" என்று அலறியது பலகை. படகடிக்கு வந்ததும் ஆணியைப் பிடுங்கி அதை மணலில் மல்லாக்கப் போட்டார்கள்.

புது முட்டைப் பழையதுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆப்பு வைத்து, தள்ளி நின்று அடித்து இறுக்கினார்கள். பாரம் புதியதன் தோளுக்கு மாறியது. பழைய முட்டு "அப்பாடா" என்றது. அந்த மூச்சிலேயே படீரென்று இரண்டாய்ப் பிளந்து விழுந்தது. ஒரு துண்டு, மிக்கேல் மல்லாந்து கிடந்த இடத்தில் போய்க் கிடந்தது.

படகு லேசாக நடுங்கியது. சாயவில்லை. கால் நசுங்கிய சிலுவையின் தம்பி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மஞ்சள் தொப்பிகள் அவசரம் அவசரமாகத் தலைகளைத் தேடி இறங்கின. முதலாளி ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். போர்டு நின்ற இடத்தில் குழியைப் பார்த்து நின்றுவிட்டார்.

ஜெசிந்தா மறுபடி பஞ்சை எடுத்தாள். பக்கத்து மணலில் கிடந்த பலகை விசும்பியது.

"என்னை மட்டும் இப்படிப் போட்டுவிட்டீர்களே. நான் பொய்யா சொன்னேன்?"

அவள் குனிந்து, அதன் மேலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"நீ சொன்னது பொய்யில்ல," என்றாள். "ஆனா அதைச் சொல்றதுக்கு நீ ஏறி நின்னது எம்பிள்ளையோட உசுருமேலல்லா—"

"ஏட்டி ஜெசிந்தா! முதலாளி கூப்பிடுதாரு, வா இங்க!" என்று வாசலிலிருந்து மேஸ்திரி கத்தினார்.