கனத்த அட்டை

தாராபுரத்தில் செங்கமலம் அம்மாளிடம் தியானம் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். ஆசிரமம் என்று ஒன்றும் கிடையாது. பேக்கரிக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், அவ்வளவுதான். கண்ணை மூடினால் மனம் பன் ரொட்டிக்குப் பின்னால் ஓடும். அதையும் தாண்டித்தான் அங்கே ஞானம் வர வேண்டும்.

அந்தச் சீடர்களில் ஒருவர் மகுடபதி. கொஞ்ச காலமாக அவரைக் காணோம். அவருடைய மனைவி பாவாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் குருவே அவர் வீட்டுக்குப் போனார்.

மகுடபதி முன்னறையில் லேசர் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேரனின் பாடத்துக்காக மகள் வாங்கி, பிறகு இங்கேயே விட்டுவிட்டுப் போனது. சுற்றிலும் கசங்கிய அட்டைகள் கிடந்தன.

படமும் சொல்லும் போட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்குங்கள், அவர்கள் தொட்டுக் காட்டுவார்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். மெல்லிய தாளைப் பாவாத்தாள் இடது கையால் கசக்கிவிடுகிறாள் என்று கனத்த அட்டை வாங்கினாராம். அது உள்ளே போனால் சிக்கிக்கொள்கிறது. தப்பித் தவறி வெளியே வந்தாலும் தேய்த்தால் எழுத்து பொடிப் பொடியாக உதிர்கிறது. முந்தாநாள் அடித்த 'தண்ணீர்' பாதிக்கு மேல் பாவாத்தாளின் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டியிருந்ததாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மகுடபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"என்னால முடியலீங்கம்மா. கோயமுத்தூர்ல ஒரு காப்பகம் பாத்து வெச்சிருக்கறா மக. இன்னைக்குப் பதில் சொல்லோணும். அனுப்பறதுங்களா, வெச்சுக்கறதுங்களா? நீங்க சொன்னா அப்படியே செஞ்சுடறேன்."

முதலில் அட்டைகளை எப்படிக் காட்டுகிறீர்கள், பார்க்க வேண்டும் என்றார் குரு.

பாவாத்தாள் உள்ளறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகுடபதி அவள் முகத்துக்கு நேரே ஓர் அட்டையைப் பிடித்து, "சோறு" என்றார். கூடவே "தூக்கம்." கூடவே "மாத்திரை." அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது அவர் கட்சி. அம்மி நகர்ந்ததோ இல்லையோ, அவர் தேய்ந்து போயிருந்தார். முதல் அட்டைக்காகப் பாவாத்தாளின் கை மெல்ல எழுந்தது. அது பாதி தூரம் வருவதற்குள் மூன்றாவது அட்டை வந்துவிட்டது. கை திரும்பவும் மடியில் விழுந்தது.

"பாத்தீங்களா? எதுவுமே ஒட்ட மாட்டேங்குது."

"இப்ப ஒண்ணு அடிச்சுக் காட்டுங்கண்ணா," என்றார் குரு.

அடுத்து அவர் அடிக்க வேண்டியிருந்தது 'வலி'. முன்னறைக்குத் திரும்பி, அட்டைக் கட்டைக் கீழ்த் தட்டில் திணித்துப் பொத்தானைத் தட்டினார். இயந்திரம் ஒன்றை இழுத்தது, வளைத்தது, முக்கியது, நின்றது. மகுடபதி வெடுக்கென்று பிடுங்கினார். அட்டை பாதியாகக் கிழிந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூட அவருக்குத் தெம்பில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

வகுப்பு அறிவிப்புகளைத் தம் வீட்டில் தாமே அடிக்கிறவர் செங்கமலம். சிக்கியிருந்த மீதித் துண்டை எடுத்துப் போட்டார். முன்னால் ஒற்றைத் தாள் வைக்கும் வழியைத் திறந்தார். அட்டை வளையாமல் நேரே வெளியேறட்டும் என்று பின்பக்கக் கதவையும் திறந்துவிட்டார். பக்கத்திலிருந்த கணினியில் தாளின் வகை 'சாதாரணம்' என்றிருந்தது. அதைக் 'கனம்' என்று மாற்றி, ஒரே ஓர் அட்டையை வைத்தார்.

இயந்திரம் அட்டையை எடுக்காமல் முனகிக்கொண்டே இருந்தது.

"நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. சூடாகுது."

அட்டை மெதுவாக உள்ளே போய், அதைவிட மெதுவாகப் பின்பக்கம் வந்தது. மகுடபதி அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். எழுத்து அசையவில்லை.

"மையை மாத்துனீங்களா?"

"அதே மைதானுங்க."

"பின்ன எப்படி?"

"உள்ள வர்றது மெல்லிசுத் தாளுன்னு அதுகிட்டச் சொல்லி வெச்சிருந்தீங்க. அது அந்த வேகத்துல ஓடுச்சு. மை சூடேறி ஒட்டறதுக்குள்ள வெளிய தள்ளிருச்சு."

சூடு ஆறாத அட்டையோடு மகுடபதி உள்ளே போய் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து, "வலி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்த சொல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். சும்மா இருப்பது அவருக்கு இயந்திரத்தோடு போராடியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அட்டையைப் பிடித்திருந்த கை கடுக்கத் தொடங்கியது. தெருவில் ஒரு தண்ணீர் வண்டி வந்து, நின்று, போயும் விட்டது.

பாவாத்தாளின் இடது கை எழுந்தது. தயங்கித் தயங்கி அட்டையைத் தொட்டது. பிறகு அதை விட்டு விலகி, அவளுடைய வலது தோளில் போய் அமர்ந்தது.

இத்தனை மாதமாக அவர் அவளுக்குத் தைலம் தேய்த்துவிட்டது முழங்காலில்.

முன்னறையில் அவருடைய கைபேசி அடித்தது. மகள்தான். மகுடபதி வெளியே வந்து, அதை எடுக்காமல் குருவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டுங்கம்மா? அனுப்பறேன்னுங்களா, இல்லீன்னுங்களா?"

செங்கமலம் மேசைமேல் கிடந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோறு, தண்ணீர், தூக்கம், மாத்திரை, குளியல்.

"இத்தனை அடிச்சிருக்கறீங்க," என்றார். "இங்க இருக்கறயா, அங்க போறயான்னு அவங்களைக் கேக்கறதுக்கு ஒண்ணு அடிச்சீங்களாண்ணா?"